போர்டு கண்விழிக்கும் வரை

அந்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பரிசோதனை மேசையில் கிடக்கும் உள்ளங்கை அகலக் கணினிப் போர்டு எவ்வளவு காலமாக அணையாமல் ஓடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. வருகிறவர்கள் எல்லாரையும் இயக்குநர் முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். "பாத்தீங்களா, தூங்கவே தூங்காது" என்பார், முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தகப்பன் குரலில். தூக்கம் வராவிட்டால் மற்றவர்கள் வைத்தியரிடம் போவார்கள். அந்தக் கட்டடத்தில் அதற்குத் திரை மாட்டிக் காட்டினார்கள்.

இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தொலைநோக்கு. பத்து வருஷம் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று கேட்டால், ஒரு மீட்டிங் இருக்கிறது என்று எழுந்துகொள்வார்.

அந்தப் போர்டைப் பேச வைக்கிறவருக்குப் பின்காரர் என்று பெயர். போர்டின் ஓரத்தில் சீப்புப் பல் போல இரண்டு வரிசையாக உலோகக் குச்சிகள் நிற்கும், அவைதான் பின்கள். ஜி.பி.ஐ.ஓ. என்று அவற்றுக்குப் படித்தவர்கள் சூட்டிய பட்டப்பெயரைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றுக்குத் தெரிந்தது இரண்டே சொல்: மேலே, கீழே. மேலே என்றால் பின்னில் மின்சாரம் ஏறும், கீழே என்றால் இறங்கும். அதைப் பார்த்து வெளியே ஒரு மோட்டார் சுற்றும், ஒரு வால்வு திறக்கும். அந்த இரண்டு சொல்லையும் வேளை பார்த்துச் சொல்லும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதித்தான் பின்காரர் தலை பாதி நரைத்திருந்தது.

அவர் கடைசியாக எழுதிய டிரைவர் ஒரு செருப்புத் தொழிற்சாலைக்கு. ரப்பர் ஷீட்டைப் பாத வடிவத்தில் வெட்டும் பிரஸ் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. வால்வு திறந்தால் காற்றின் அழுத்தத்தில் ஒரு கனத்த கத்தி மேலிருந்து இறங்கும், வெட்டும், ஏறும். முன்பு ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் பீரோ மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் டக்டக்கென்று அடித்துக்கொண்டு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேக்கள். "இரும்புக் காலம் முடிஞ்சது" என்று அறிவித்துவிட்டு, தொலைநோக்கு பீரோக்களைப் பழைய இரும்புக்குப் போட்டார். இப்போது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு போர்டு, பின்னுக்கும் வால்வுக்கும் நடுவில் வெளியே சொல்லாத ஒரு குட்டி ரிலே. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்கும் என்கிற விதியைக்கூட இப்போது டிரைவர்தான் காவல் காத்தது.

அந்த மெஷின்களில் ஒன்றில் வேலை செய்கிறவர் பின்காரரின் அக்கா புருஷன்.

விடுமுறை நாளில் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தானுக்கு வாய் நிறையப் பெருமை, வாய் நிறையச் சோறு. எதை முதலில் உள்ளே தள்ளுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து மென்றார்.

"மாப்ள, உன் பெட்டி சொக்கத் தங்கம். சத்தமே இல்ல. எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இது என் மச்சினன் செஞ்சதுன்னு."

"சொல்லாம இருந்தாதானே அதிசயம்" என்றாள் அக்கா. "போன வாரம் முடி வெட்றவர்கிட்டயும் சொல்லியிருக்காரு. அந்த மனுஷன் என்னைப் பாத்து, உங்க தம்பி கத்தி செய்யறாராமேங்கறான்."

"கத்தியோட மூளை செய்யறான்னு சொன்னேன்டி." அத்தான் தட்டை நகர்த்தி வைத்தார். "காலையில மெயின் ஸ்விட்ச் போட்டதும் எல்லா மெஷினும் ஒரு தரம் டிக்குங்கும் மாப்ள. நமக்கு வணக்கம் சொல்ற மாதிரி. அப்புறம்தான் கம்ப்ரஸரைப் போடுவோம், காத்து ஏறும், வேலை ஆரம்பிக்கும்."

பின்காரர் நிமிர்ந்தார். "டிக்கா? என்ன டிக்?"

"வால்வு சத்தம்தான். பழசுல அது கிடையாது."

எழுதியவருக்குத் தெரியாத ஒரு டிக். பின்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். காலையில் காற்று ஏறாததால் டிக். காற்று ஏறியிருந்தால்?

"அத்தான், நடுவுல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவோம், கையை விட்டு உள்ள சிக்கின துண்டையெல்லாம் வழிச்சு எடுப்போம். அதுக்குன்னே காத்திருப்போம்ல. கரண்ட் இருந்தா ஒவ்வொரு தரமும் மெஷினை நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு... எவன் செய்வான்? கரண்ட் போச்சுன்னா மெஷின் செத்த பாம்பு. பத்து வருஷமா அப்படித்தான். கரண்ட் போனா கை உள்ள, கரண்ட் வந்தா கை வெளிய."

"வந்த உடனேயா எடுப்பீங்க?"

"வந்தப்புறம் எடுப்போம்" என்றார் அத்தான், என்ன கேள்வி இது என்பது போல. "புதுப் பெட்டி வந்ததுலேந்து ஒரு தரம்கூடக் கரண்ட் போகல. துண்டு எக்கச்சக்கமா சேந்து கெடக்கு. எப்படா போகும்னு பாத்துட்டிருக்கோம்."

மறுநாள் காலை பின்காரர் அலுவலகத்துக்குள் நுழைந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மேசையில் இருந்த போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கினார். சுவரில் இருந்த பெரிய எண் பூஜ்யமானது. சுற்றியிருந்த நாற்காலிகள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ செத்துப்போனால்கூட அந்த அலுவலகம் அவ்வளவு சீக்கிரம் திரும்பிப் பார்த்திருக்காது.

பின்னோடு ஒரு ரிலேயையும் ஒரு வால்வையும் கோத்து வைத்திருந்தார். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார். டிக். வால்வு திறந்துகொண்டது. போர்டு சோம்பல் முறித்து, கண்ணைக் கசக்கி, ஒவ்வொரு நிரலாக எழுப்பி, கடைசியில் டிரைவரையும் தட்டி எழுப்பியது. டிரைவர் எழுந்த பிறகுதான் வால்வு மூடியது. ஒரு நீளமான கொட்டாவி விட்டு முடிக்கும் நேரம். தொழிற்சாலையில் என்றால் அவ்வளவு நேரமும் கத்தி கீழே.

விஷயம் இதுதான். வாங்கும் பிரிவு மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்த அந்தக் குட்டி ரிலே தலைகீழ் ரகம். பின் மேலே இருந்தால் அது சும்மா இருக்கும். கீழே இருந்தால் வெட்டும். அதனால் என்ன என்று பின்காரர் டிரைவரில் ஒரே ஒரு வரி எழுதி அதை நிமிர்த்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். டிரைவர் விழித்திருக்கும் வரை அந்த வரி சரிதான். ஆனால் மின்சாரம் வந்ததும் வால்வு உடனே தயார். டிரைவரோ இன்னும் தூக்கத்தில். அந்த இடைவெளியில் பின்கள் எல்லாம் கவனிப்பார் இல்லாமல் கீழே தொங்குகின்றன. கீழே என்றால் வெட்டு.

யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், மேசையில் இருந்த போர்டை அணைத்துப் போட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அணைத்தால் திரையில் எண் போய்விடும். அதனால் ஒருத்தரும் அணைக்கவில்லை. தொழிற்சாலையில் மாட்டியபோதும் காற்று வருவதற்கு முன்னால் ஸ்விட்சைப் போட்டு, டிக்கைக் காதில் வாங்காமல், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பின்காரர் அன்று மதியச் சாப்பாட்டை மறந்தார். டிரைவரை வரிசையில் முன்னால் இழுத்துப் பார்த்தார். வேண்டாத நிரல்களை எல்லாம் கழற்றி எறிந்தார். போர்டு கண்விழிக்கும்போது முதன்முதலில் ஓடும் குட்டி நிரலுக்குள்ளேயே பின்களை மேலே தூக்கும் கட்டளையைத் திணித்தார். கொட்டாவி குறுகித் தும்மல் ஆனது. தும்மல் இன்னும் குறுக மறுத்தது. அதற்கு முன்னால் நிரல் என்று ஒன்றே கிடையாது. வெறும் சிலிக்கன் துண்டுதான். தும்மும் நேரத்துக்குள் எத்தனை கை போகும் என்று யோசித்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டு, இயக்குநர் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், கத்தி தானா இறங்குது."

"தானாவா?" தொலைநோக்கு மலர்ந்தார். "அதுக்குத்தானே நம்மள வெச்சிருக்காங்க."

"கரண்ட் போயிட்டு வந்தா, தொட்டியில மிச்சக் காத்து இருக்கறதால இறங்குது சார். யாரும் பொத்தான் அழுத்தாம. அப்ப கை உள்ள இருக்கும்."

தொலைநோக்கின் முகத்தில் இருந்த பத்து வருஷத் தூரம் சற்றே கிட்டே வந்தது. "சரி. அப்டேட் பண்ணிடுங்க."

"அப்டேட்டால ஆகாது. நான் எழுதறது போர்டு முழிச்சப்புறம்தான் வேலை செய்யும். இது முழிக்கறதுக்கு முன்னாடி நடக்குது. நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த அடிதடிக்கு என்னைப் போய் விலக்கிவிடச் சொல்றீங்க."

"அப்ப சீக்கிரம் முழிக்க வைங்க."

"வெச்சுட்டேன். இதுக்கு மேல அதுக்குத் தூக்கமே கிடையாது."

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு?"

"பின்னுக்கு ஒரு ரெசிஸ்டர். அரிசி அளவுதான் இருக்கும். டிரைவர் எந்திரிக்கற வரைக்கும் அது பின்னை மேலயே பிடிச்சு வெச்சுக்கும். அப்புறம் வால்வுக்குப் போற கரண்ட்டுக்குத் தனியா ஒரு ரிலே. டிரைவர் எந்திரிச்சு நான் தயார்னு சொன்னாதான் வால்வுக்குக் கரண்ட்டே போகணும்."

"ரிலே" என்றார் தொலைநோக்கு, வீட்டுக் கூடத்தில் யாரோ செருப்போடு நடந்துவிட்டதைப் போல. "ரிலேவை ஒழிச்ச கம்பெனிங்க நாம. இன்னொண்ணு, பெட்டியைத் திறக்கணுமே?"

"திறக்கணும்."

"சீல் வெச்சாச்சே. திறந்தா மறுபடியும் மொதல்லேந்து பரிசோதனை, மறுபடியும் சான்றிதழ். நாம கொடுத்ததுல ஓட்டைன்னு நாமளே போய்ச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"ஓட்டைதான் சார்."

"வார்த்தையைப் பாத்துப் பேசுங்க. கரண்ட் வந்ததும் ஒரு தரம் அசையுது. அவ்வளவுதானே? கையேட்டுல ஒரு வரி போட்டுருவோம். தொடக்க அசைவு. இல்ல, வரவேற்பு அசைவு. அது நல்லாயிருக்கு."

பின்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சார், எங்க அத்தான் அங்க வேலை செய்யறாரு."

தொலைநோக்கு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை நன்றாகக் கதகதப்பாக இருந்தது, ஐந்து விரலும் முழுசாக. "இப்பப் புரியுது. உங்களுக்கு இதுல உணர்ச்சி கலந்திருக்கு. உணர்ச்சி இருக்கறவர் முடிவெடுக்கக் கூடாது. முடிவை என்கிட்ட விட்டுடுங்க. போய்ச் சாப்பிடுங்க."

பின்காரர் வராந்தாவில் நின்று தொழிற்சாலை முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி அன்பாகப் பேசினார். "இப்பதாங்க உங்க டைரக்டரே கூப்பிட்டாரு. யாரோ ஒருத்தர் பதட்டமா பேசுவார், கண்டுக்காதீங்கன்னாரு. நீங்கதானா அது?" அத்தானுக்குப் போட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குள் போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்; கவனம் சிதறினால் விபத்து வருமாம். அக்காவுக்குப் போட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், அவள் எடுப்பதற்குள் துண்டித்தார்.

வெளியே வானம் கருத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் இடி.

வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அவர் கண் சாலையில் இல்லை, பல்புகளில் இருந்தது. மருந்துக் கடையில் விளக்கு எரிகிறது, நல்லது. தையற்கடையில் மின்விசிறி சுற்றுகிறது, நல்லது. சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோது, வாழ்க்கையில் முதன்முறையாக, எரிகிறதே என்று அந்தச் சிவப்பைக் கும்பிடத் தோன்றியது. முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க ஓடுகிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் வால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்போது ஓடாமல் எப்படி இருப்பது?

தொழிற்சாலை வாசலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். "பெட்டி செஞ்ச ஆளு நான்" என்றார் பின்காரர். அதற்கு ஒரு மதிப்பு இருந்தது, உள்ளே விட்டார். தன் வேலைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படப் பின்காரருக்கு நேரமில்லை.

நீளமான கூடம். ரப்பர் நெடி. இரண்டு பக்கமும் மெஷின்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர். கத்திகள் இறங்கி ஏறும் சத்தம் காதை அடைத்தது. அத்தான் நாலாவது மெஷினில் இருந்தார். பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அட, மாப்ள! ஏய், எல்லாரும் பாருங்கப்பா, இவன்தான்!"

பக்கத்து மெஷினில் இருந்த தடித்த ஆள் கையை உயர்த்தினார். "நீங்கதானா சார்? உங்க அத்தான் தொல்லை தாங்கல சார். மெஷினுக்கு உங்க பேரை வைக்கணுங்கறாரு."

"அத்தான், நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் பின்காரர், அவர் காதுக்குள். "கரண்ட் போனா கையை உள்ள விடக் கூடாது. யாரும் விடக் கூடாது. கரண்ட் வரும்போது கத்தி இறங்கும். நான் பாத்துட்டேன்."

அத்தானின் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாக, ஓரத்திலிருந்து கழன்றது. "என்ன சொல்ற? நீ செஞ்சது..."

"நான் செஞ்சதுதான். அதான் ஓடி வந்தேன்."

"சரி. சொல்லிப் பாக்கறேன். ஆனா கை பழகிப்போச்சேடா. மூளையைக் கேட்டுட்டா கை உள்ள போகுது?"

அவர் திரும்பித் தடித்த ஆளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விளக்குகள் அணைந்தன.

சத்தமெல்லாம் ஒரே அடியாக நின்றது. மேலே மின்விசிறிகள் தளர்ந்து சுற்றும் ஓசை மட்டும் மிஞ்சியது. சன்னல் வழியே வந்த மழை வெளிச்சத்தில் பின்காரர் பார்த்தார்: வரிசை முழுக்க, யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், கைகள் கத்திகளுக்குக் கீழே போயின. நெல் அரிகிறவர்கள் குனிவது போல ஒன்றாக. அவருக்கு முன்னால் நின்ற அத்தானும், இப்போதுதான் கேட்ட அத்தானும், தடித்த ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டிருந்தார்.

பின்காரர் அதைப் பிடித்து வெளியே இழுத்தார். "கையை எடுங்க! எல்லாரும் எடுங்க!"

"கரண்ட் இல்லையே சார்" என்றது ஒரு குரல், ஆறுதலாக.

"பெரிய படிப்பு படிச்சவங்களுக்கு இருட்டுன்னா பயம்" என்றது இன்னொன்று. சிரிப்பு.

இனி ஒவ்வொருவரையும் பிடித்து இழுக்க நேரம் இல்லை. கத்தியை இறக்குவது காற்று. காற்று எங்கே? கூடத்தின் கோடியில் ஆள் உயரத் தொட்டி, நின்றுபோன கம்ப்ரஸர், அதிலிருந்து எல்லா மெஷினுக்கும் போகும் ஒரு பெரிய குழாய், அதன் கழுத்தில் கைப்பிடி வைத்த ஒரு வால்வு. பின்காரர் ஓடினார். கைப்பிடியைத் திருப்பினார், அது நகரவில்லை. தொங்கினார். முனகிக்கொண்டு திரும்பி மூடியது. ஆனால் மூடியதற்கு அந்தப் பக்கம், குழாய்க்குள், ஒரு வெட்டுக்கு வேண்டிய காற்று இன்னும் இருந்தது. குழாயோடு மெஷின் வரிசையைச் சேர்க்கும் ரப்பர் ஹோஸைப் பிடித்துப் பூட்டைத் தளர்த்திப் பிடுங்கினார். அது சீறிக்கொண்டு எழுந்து அவர் கன்னத்தில் அறைந்து, தரையில் விழுந்து துள்ளியது. கூடமே அந்தச் சீறலில் திரும்பியது. "யோவ், என்ன பண்ற!" என்று யாரோ கத்தினார்கள்.

சீறல் இளைத்து, இழுத்து, அடங்கியது.

விளக்குகள் எரிந்தன.

டிக் என்றது முதல் மெஷின். டிக், டிக் என்று வரிசை முழுக்க. கத்திகள் மேலேயே நின்றன. கைகள் உள்ளேயே நின்றன.

அந்த டிக்கின் அர்த்தம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரியவில்லை. தினமும் அதே மெஷினில் வால்வு தட்டினால் கத்தி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். காற்று இருந்தால் வரும். தடித்த ஆள்தான் முதலில் தன் கையைப் பார்த்தார். பிறகு மேலே கத்தியைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு, வேறொருவர் பொருளை எடுப்பது போல் தன் கையை மெல்ல வெளியே எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக. ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை.

அத்தான் மெதுவாக நடந்து வந்தார். பின்காரரின் கன்னத்தில் ஹோஸ் அடித்த இடம் சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது.

"இதையா நீ எழுதின, மாப்ள?" என்றார்.

கேட்டதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பின்காரருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். ஆமென்று தலையை ஆட்டினார்.

அதற்குள் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். காதில் போன். போனுக்குள் தொலைநோக்கின் குரல் எறும்பு அளவில் கேட்டது. முதலாளி நடந்ததைக் கேட்டார், ஹோஸைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலல்ல? யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் என்ன? ஹோஸை மாட்டிக் காத்தைத் திறங்க. சாயங்காலம் லாரி வருது. இனிமே கரண்ட் போனா யாரும் கையை விடாதீங்க. ஒரு போர்டு எழுதி மாட்டிடறேன்." போனை விலக்கிப் பிடித்துப் பின்காரரிடம் சொன்னார்: "உங்க டைரக்டர் சந்தோஷமா இருக்காரு. நேர்லயே சோதனை ஆயிடுச்சு, பாதுகாப்புதான்னு நிரூபணம் ஆயிடுச்சுங்கறாரு."

பின்காரர் தொட்டிப் பக்கம் திரும்பினார். வால்வின் கைப்பிடியைப் பிடித்திருந்த மரையை விரலால் திருகினார், பழசு, தளர்ந்திருந்தது. கைப்பிடி கழன்று வந்தது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தொட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"பெட்டியைத் திறந்து ரெசிஸ்டர் போடற வரைக்கும் காத்து இல்ல."

"சீல் வெச்ச பெட்டிங்க."

"என் கையும் சீல் வெச்சதுதான்" என்றார் பின்காரர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை. நாளைக்கு வேலை இருக்காது என்பது தெரிந்தது. போலீஸைக் கூப்பிட்டால் திருட்டு, நாசவேலை என்று எழுதலாம். சாயங்காலத்துக்குள் வேறொரு கைப்பிடி கடையில் கிடைக்கும் என்பதும் தெரிந்தது. கைப்பிடிதானே, இரும்புக் கடைக்குக் கடை தொங்கும். இவ்வளவு படித்து, இவ்வளவு எழுதி, கடைசியில் தன்னால் தடுக்க முடிந்தது ஒரு கடைக்குப் போய்வரும் நேரத்தை மட்டும்தான்.

முதலாளி சூப்பர்வைசரைத் தேடினார், காணோம். அத்தானைப் பார்த்தார். "உன் மச்சினன்தானே? போய் வாங்கு அதை. வாங்கிட்டு மெஷினைப் போடு. இல்லன்னா ரெண்டு பேரும் சேந்தே வெளிய போங்க."

கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் நடந்து வந்து பின்காரருக்கு முன்னால் குனிந்தார். முதலாளிக்குத் தெரியும்படி வலது கையை நீட்டினார். ரப்பர் கரி படிந்த உள்ளங்கை, காய்ப்புக் காய்த்த ஐந்து விரல்.

"குடு" என்றார் உரக்க.

பிறகு, உதடு அசையாமல், நீட்டிய கையை மடக்காமல் சொன்னார்:

"குடுத்துடாத மாப்ள."